அடிவாரத்துக்கு யார் பலகை வைப்பது?

சாத்தம் ஜெட்டியில் படகேறினால் பேம்பூ பிளாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். கரையைச் சுற்றி ரோட்டில் போனால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அதனால் அந்தப் படகில் ஏறாத பொருள் கிடையாது: ஸ்கூட்டர், கோழிக்கூடை, கேஸ் சிலிண்டர், கல்யாண வீட்டுப் பூக்கூடை, குளுக்கோஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி. இருபத்தொன்பது வருடம் நானும் ஏறி இறங்கினேன். வீடு பேம்பூ பிளாட்டில், வேலை போர்ட் பிளேரில், தமிழ் டீச்சர். சாயங்காலப் படகில் திரும்பும்போது வலப்பக்கம் அந்த மலை நிற்கும். மழை மாதங்களில் பாதி மலைதான் தெரியும். மீதியை மேகம் வாங்கிக்கொண்டிருக்கும்.

அந்தப் படகில் டூரிஸ்டுகளும் வருவார்கள். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு ஒன்றைப் பர்சில் பத்திரமாகக் கொண்டுவந்து, பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்து, தென்னையும் கடலும் கலங்கரை விளக்கமும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். நோட்டில் இருந்தது எங்கள் துறைமுகக் காட்சிதான். 2019-ல் புது இருபது ரூபாய் வந்தபோது அந்த இடத்தில் எல்லோராக் குகை ஏறிவிட்டது. பழைய நோட்டு இன்னும் செல்லும். எங்கள் ஊரின் விளம்பரமும் அதோடு சேர்ந்து கொஞ்சநாள் செல்லும்.

அந்த மலைக்கு நான் படித்த காலத்தில் மவுண்ட் ஹாரியட் என்று பெயர். 2021 அக்டோபரில் உள்துறை அமைச்சர் இங்கே வந்திருந்தபோது அது மவுண்ட் மணிப்பூர் ஆனது. அதற்கு முன்பே 2018 டிசம்பரில் ராஸ், நீல், ஹேவ்லாக் மூன்றும் பெயர் மாறின. 2023 ஜனவரியில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா வாங்கிய வீரர்களின் பெயர்கள் வந்தன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. அன்று ராத்திரி தேவகோட்டையிலிருந்து என் சித்தப்பா மகன் போன் போட்டான். "அக்கா, சோழர் பேரு வெச்சுட்டாங்களாமே உங்க ஊருக்கு!" ஸ்ரீவிஜயம் சோழர் ஊர் இல்லையடா, 1025-ல் ராஜேந்திரன் கப்பலில் போய் அடித்துவிட்டு வந்த ஊர் என்றேன். கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு, "சரி விடுக்கா, சம்பந்தம் இருக்குல்ல" என்றான்.

சம்பந்தம் இருக்கிறதுதான். எங்கள் தீவோடு எல்லோருக்கும் ஏதோ ஒரு சம்பந்தம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களுக்கு அது சினிமாவால் வந்த சம்பந்தம்: எம்.ஜி.ஆரின் 'அந்தமான் கைதி', சிவாஜியின் 'அந்தமான் காதலி', பிறகு 'சிறைச்சாலை'. இந்த மூன்றுக்குள் தீவு முடிந்துவிடும். ஆனால் 2011 கணக்கெடுப்பில் இங்கே நூற்றில் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். அவர்கள் கைதியும் இல்லை, காதலியும் இல்லை. பெரும்பாலும் கொத்தனார், கடைக்காரர், பொதுப்பணித்துறை ஊழியர்.

நான் பெயர் மாற்றத்துக்கு எதிராக எழுதவில்லை. மணிப்பூர் என்ற பெயருக்கு நியாயம் உண்டு. என் மனக்குறை வேறு. மலை உச்சிக்கு மூன்று மொழியில் பலகை வைக்கிறார்கள், பலகையை மாற்றுகிறார்கள், திறந்துவைக்க ஆள் வருகிறது. அந்த மலையின் உண்மையான கதை முழுக்க நடந்தது கீழே, அடிவாரத்தில். அங்கே நிற்க ஒரு நிழல்கூட இல்லை.

மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உயரம் நானூறு மீட்டர்கூட வராது. மதுரைக்காரர்கள் பார்த்தால் குன்று என்பார்கள். ஆனால் கடலோரத்திலிருந்தே செங்குத்தாக எழுவதால் பெரியதாகத் தெரியும். பர்மாவின் அராகன் யோமா மலைத்தொடர் கடலில் இறங்கி, முங்கி, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தெற்கே போகிறது. அந்தத் தலைகள்தான் எங்கள் தீவுகள். வடக்கு அந்தமானின் சேடில் பீக் 732 மீட்டர், அதுதான் அந்தமானில் பெரிது. எங்களுடையது அதில் பாதிதான். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டுமே பிடிக்கும் ஊர் என்பதால் வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் சாதாரணம். அந்த மழையில் வளர்ந்த படாக் மரமும் குர்ஜன் மரமும் அடியில் பலகை பலகையாக வேர் விரித்து நிற்கும். ஒரு வேர்ப்பலகைக்குப் பின்னால் நான்கு பிள்ளைகள் ஒளிந்துகொள்ளலாம். கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறேன், வேறு வழியில்லாமல்.

வருடா வருடம் எட்டாம் வகுப்பை மலைக்குக் கூட்டிப்போவது வழக்கம். அட்டைக்கு உப்பும் புகையிலையும் சேர்த்துத் துணியில் முடிந்து ஆளுக்கொன்று கொடுப்போம். உச்சியிலிருந்து காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் காலாபத்தர் என்ற கரும்பாறை. கைதிகளை அங்கிருந்து தள்ளிவிடுவார்கள் என்று கைடுகள் சொல்வார்கள். அதற்கு எழுத்தில் ஆதாரம் நான் பார்த்ததில்லை, அதனால் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கும். எட்டிப் பார்த்துவிட்டு யாரைத் தள்ளலாம் என்று பேசிக்கொள்வார்கள்.

ஒரு வருடம், மூன்றாம் பெஞ்சில் உட்காரும் ஒரு பையன், படிப்பு சுமார், வாய் மட்டும் பிரமாதம், உச்சியில் இருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டான்: "டீச்சர், ஹாரியட் யாரு? அவங்க இந்த மலைக்கு என்ன செஞ்சாங்க?"

ஹாரியட் டைட்லர் மலைக்கு ஒன்றும் செய்யவில்லை. 1857-ல் டெல்லி முற்றுகையின்போது ஆங்கிலப் படையோடு இருந்த பெண். முற்றுகைக்கு நடுவே வண்டியிலேயே பிள்ளை பெற்று, அதற்கு ஸ்டான்லி டெல்லி ஃபோர்ஸ் என்று பெயர் வைத்தவர். புருஷனோடு சேர்ந்து போட்டோ எடுக்கக் கற்று, நூற்றுக்கணக்கில் எடுத்தவர். சாமர்த்தியமான மனுஷிதான். அவர் கணவர் ராபர்ட் டைட்லர் 1862 முதல் 1864 வரை இங்கே கைதிக் குடியேற்றத்தின் சூப்பிரண்டெண்ட். மனைவி பெயரை மலைக்கு வைத்தார். அவ்வளவுதான். பிள்ளைகளிடம் அப்படித்தான் சொன்னேன். "எங்கப்பா எங்கம்மா பேருக்கு ரேஷன் கார்டுகூட மாத்தல" என்றான் அந்தப் பையன்.

டைட்லர் காலத்திலேயே, 1863-ல், கடற்படைக்காரன் பிராட் என்பவனை அந்தமானியர் கொன்றார்கள். அவர்களைப் பிடித்துச் சிறைவைத்தார்கள். பிறகு விசாரித்ததில் அந்தப் பிராட் அவர்களுடைய பெண்ணிடம் தவறாக நடக்கப் போனதுதான் காரணம் என்று தெரிந்தது. மலைக்கு ஹாரியட் பெயர் கிடைத்த அதே சில வருடத்துச் சங்கதி இது. அந்தப் பெண்ணின் பெயர் எந்த மேட்டுக்கும் வைக்கப்படவில்லை.

உச்சியிலிருந்து இறங்கும் ரோடு கடலைத் தொடும் இடத்தில் ஹோப் டவுன். நம்பிக்கைப் பட்டணம் என்று தமிழில் சொன்னால் கொஞ்சம் கேலியாக இருக்கும். பக்கத்தில் பானிகாட். 1872 பிப்ரவரி 8-ம் தேதி சாயங்காலம் வைஸ்ராய் லார்டு மேயோ இங்கேதான் இறங்கினார். காலையிலிருந்து ராஸ், வைப்பர், சாத்தம் எல்லாம் சுற்றிப் பார்த்தாயிற்று. காய்ச்சலில் விழும் கைதிகளுக்கு மலைமேல் ஆஸ்பத்திரி கட்டலாமா என்று பார்க்கவேண்டும், சூரியன் மறைவதையும் பார்க்கவேண்டும். மேலே போனார், பார்த்தார், இருட்டுகிற நேரத்தில் தீப்பந்த வெளிச்சத்தில் இறங்கினார். படகேறப் போன இடத்தில் ஷேர் அலி முதுகில் பாய்ந்து கத்தியால் குத்தினான்.

ஷேர் அலி கைபர் கணவாய்ப் பக்கத்து அஃப்ரீதி. பஞ்சாப் குதிரைப் போலீசில் வேலை பார்த்தவன். குடும்பப் பகையில் சொந்தக்காரனைக் கொன்றதாக 1867-ல் பெஷாவரில் தூக்குத் தண்டனை, அது ஆயுளாகக் குறைந்து இங்கே அனுப்பப்பட்டான். நல்ல நடத்தை என்று சலுகை கொடுத்து, பானிகாட்டில் முடிதிருத்துபவனாக விட்டிருந்தார்கள். அதாவது, கையில் கத்தி இருக்கும் வேலை. மார்ச் 11-ம் தேதி வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள். இந்தியாவில் பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் மேயோதான்.

இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் எங்கள் பிள்ளைகள் படிக்கவில்லை. காரணம் புரிகிறது. ஷேர் அலியைத் தியாகி என்று சொல்லவும் கூச்சம், கொலைகாரன் என்று விடவும் மனமில்லை. எந்தப் பெட்டியிலும் அடங்காத ஆள். என் கருத்து கேட்டால், தியாகிப் பட்டம் கொடுக்கவேண்டாம், நடந்ததை நடந்தபடி ஒரு கல்லில் எழுதி அந்த ஜெட்டிப் பக்கம் நட்டால் போதும். மேயோ ஒரு சாயங்காலம்தான் இந்த மலையைப் பார்த்தார். ஷேர் அலி அதன் அடியிலேயே முடிவெட்டிக்கொண்டிருந்தான்.

இனி மணிப்பூர். 1891-ல் ஆங்கிலேயருக்கும் மணிப்பூருக்கும் சண்டை. தோற்றபின் இளவரசர் திகேந்திரஜித்தை ஆகஸ்ட் 13-ம் தேதி இம்பாலில் தூக்கிலிட்டார்கள். மகாராஜா குலச்சந்திர சிங்கையும் இன்னும் இருபதுக்கு மேற்பட்டவர்களையும் இங்கே அனுப்பி இந்த மலையில் வைத்தார்கள். செல்லுலார் ஜெயில் கட்டத் தொடங்கியதே 1896-ல். அதற்கு முன் சுவர் தேவைப்படவில்லை, கடலே சுவர். ஒருமுறை படகில் மணிப்பூரிலிருந்து வந்த முதியவர் ஒருவர் என் பக்கத்தில் நின்றார். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு ஹிந்தி சுமார். மலை எது என்று கேட்டார். காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். படகு கரையைத் தட்டும்வரை செருப்பைப் போடவில்லை. அதன்பிறகு இந்தப் பெயர்மாற்றத்தை யாராவது கிண்டல் செய்தால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் உச்சியில் ராஜாக்கள் இருந்த காலத்திலும் அடிவாரத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர் தெரியவேண்டுமானால் ஊர்ப்பெயர்களைப் படிக்கவேண்டும். விம்பர்லிகஞ்ச், ஸ்டூவர்ட்கஞ்ச், ஃபெரார்கஞ்ச்: முன்பாதி வெள்ளைக்கார அதிகாரி, பின்பாதி வடநாட்டுச் சந்தை. ஸ்டூவர்ட் என்பவர்தான் மேயோ குத்துப்பட்ட அன்று இங்கே சூப்பிரண்டெண்ட். ரைட்மியோ என்று ஒரு ஊர். அதில் 'மியோ' என்பது பர்மிய மொழியில் பட்டணம். பர்மாக் கைதிகள் இருந்த அடையாளம். எங்கள் பிள்ளைகள் அதை லார்டு மேயோ பெயர் என்று பரீட்சையில் எழுதுவார்கள். நான் அரை மார்க் போடுவேன், யோசித்ததற்காக.

மன்னார்காட் என்ற ஊர்ப்பெயரில் எனக்குத் தனி ருசி. அது மலபாரின் மண்ணார்க்காடு. 1921 மாப்பிள்ளைக் கலகத்துக்குப்பின் பிடிபட்டவர்களால் அன்றைய சென்னை மாகாணத்துச் சிறைகள் நிரம்பி வழிந்தன. அந்த நவம்பரில்தான் திரூரிலிருந்து கைதிகளை அடைத்து வந்த ரயில் வேகனை நம் போத்தனூரில் திறந்தபோது உள்ளே மூச்சுமுட்டி இறந்து கிடந்தார்கள். சாவு எழுபதை நெருங்கியது. அந்தமானுக்கு இனிக் கைதிகளை அனுப்பவேண்டாம் என்று சிறைக் கமிட்டி அப்போதுதான் சொல்லியிருந்தது. ஆனாலும் மாப்பிள்ளைமார்களைக் கப்பலேற்றினார்கள். பிறகு குடும்பத்தையும் வரவழைத்துக் குடியமர்த்தினார்கள். வந்தவர்கள் தங்கள் ஊர்களையே இங்கே நட்டார்கள்: மலப்புரம், மஞ்சேரி, திரூர், காலிக்கட், வண்டூர். மண்ணார்க்காட்டின் 'காடு' ஹிந்திக்காரன் வாயில் படித்துறையைக் குறிக்கும் 'காட்' ஆகிவிட்டது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எழுத்து. காடு எது, துறை எது என்று தெரியாமல் போவது ஒருவகையில் இந்த ஊருக்குப் பொருத்தம்தான்.

எங்கள் பக்கத்து வீட்டு உம்மா, போன வருடம் காலமானார், தன் தாத்தா எழுதிய மாப்பிள்ளைப் பாட்டு நோட்டு ஒன்றை வைத்திருந்தார். அரபி லிபியில் மலையாளம். 2004 சுனாமியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து நோட்டு ஊறிப்போயிற்று. வெயிலில் காயவைத்தார், மை கரைந்து நீலமாகப் படர்ந்திருந்தது. அதை வாங்கிப் படம் எடுத்து வைக்க ஒரு ஆளை ஏற்பாடு செய்கிறேன் என்று நான் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். செய்யவில்லை. இந்தக் கட்டுரையில் அரசாங்கத்தைக் குறைசொல்லும் இடங்களில் எல்லாம் வாசகர்கள் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மலையின் மரத்தை வெட்டியவர்கள் இன்னொரு கூட்டம். சாத்தம் மரஆலை 1883-ல் வந்தது. அதற்குத் தீனி போட ஆள்வேண்டும். 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து ஓராவ், முண்டா, காரியா ஆட்களைக் காட்டு வேலைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர்: ராஞ்சிவாலா. யானை கட்டி மரம் இழுத்ததும், காட்டு ரோடு போட்டதும் அவர்கள். வேலை முடிந்தது, ஊர் திரும்பவில்லை, காட்டோரத்தில் குடிசை போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் அதில் பல வீடுகளுக்குப் பெயர் 'ஆக்கிரமிப்பு'. ஜார்க்கண்டில் அவர்கள் பழங்குடி. இங்கே அந்தப் பட்டியலில் தீவின் ஆதிகுடிகள் மட்டும்தான், அவர்கள் இல்லை. என் வகுப்பில் படித்த ஒரு ராஞ்சிப் பெண் சாதிச் சான்றிதழ் பாரத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்து நின்றாள். என்ன எழுத என்று கேட்டாள். என்னிடமும் பதில் இல்லை.

எங்களவர்களையும் விடவேண்டாம். அப்பா அறுபதுகளில் திருவாடானைப் பக்கத்திலிருந்து கொத்தனாராக வந்தார். எனக்கு நாலு வயதில் அம்மாவும் நானும் சென்னையில் கப்பலேறினோம். மூன்று நாள் வாந்தி. அப்பா கட்டிய குவார்ட்டர்ஸுகள் இன்னும் நிற்கின்றன. அதற்கு மணல் எங்கிருந்து வந்தது? கடற்கரையிலிருந்து. தீவில் ஆறு ஏது? ஆமை முட்டையிடும் கரை மணலை லாரி லாரியாக அள்ளித்தான் இந்த ஊர் எழுந்தது. 2002-ல் உச்ச நீதிமன்றம், சேகர் சிங் குழு அறிக்கையைப் பார்த்து, மரம் வெட்டுவதற்கும் மணல் அள்ளுவதற்கும் கடிவாளம் போட்டது. அப்பா ரிட்டையராகி வீட்டில் இருந்தார். பேப்பரைப் படித்துவிட்டு, "நாங்க அள்ளுனப்ப கேட்டிருக்கணும்" என்றார். கேட்டிருந்தால் அவருக்கு வேலை இருந்திருக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

இத்தனை பேரும் வருவதற்கு முன்னால் இந்தத் துறைமுகத்தைச் சுற்றி இருந்தவர்கள் ஆகா-பியா மக்கள். 1858 மார்ச் 10-ம் தேதி டாக்டர் வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்து இறங்கினார். முதல் மூன்று மாதத்தில் தப்பியோடிப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டார். அது உள்ளே நடந்தது. வெளியே, காடு அழிய அழிய, ஆகா-பியா மக்கள் எதிர்த்தார்கள். 1859 மே மாதம் அபர்தீனில் வில்லோடு வந்து மோதினார்கள். அவர்களோடு ஒரு வருடம் வாழ்ந்து, அவர்களுடைய பெண்ணைக் கட்டிக்கொண்ட தூத்நாத் திவாரி என்ற தப்பியோடிய கைதி முன்கூட்டியே ஓடிவந்து வெள்ளைக்காரனிடம் சொல்லிவிட்டான். அவனுக்கு விடுதலை. அவர்களுக்குத் துப்பாக்கி. பிறகு 1877-ல் அம்மை வந்து மிச்சத்தை வாரியது. ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் 1961 கணக்கெடுப்பில் 19 பேர். இன்று ஸ்ட்ரெய்ட் தீவில் ஒரு சிறு கூட்டம். ஆகா-பியா மொழி பேச ஒருவரும் இல்லை.

2018-லிருந்து 2024 வரை எத்தனை பெயர் மாறின என்று மேலே எழுதினேன். அதில் ஒன்றுகூட இவர்கள் மொழிச்சொல் இல்லை. வெள்ளைக்காரன் அடையாளத்தை அழிக்கிறோம் என்று சொன்னார்கள், சரி. வெள்ளைக்காரன் எதை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதினான் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அவர்கள் சொற்களை மான், போர்ட்மன் என்ற இரண்டு ஆங்கில அதிகாரிகளே பக்கம் பக்கமாக எழுதிவைத்துப் போயிருக்கிறார்கள். தேடுவது கஷ்டமில்லை.

அடிவாரம் இப்போது எப்படி இருக்கிறது? 2004 டிசம்பர் 26 காலையில் தரை ஆடியது, பிறகு தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்ததை உலகமே பார்த்தது. தரை இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே போய்விட்டது. வடக்கே மாயாபந்தர், டிக்ளிபூர் பக்கம் நிலம் மேலே எழுந்து பவளப்பாறை காய்ந்து செத்தது. இந்தப் பக்கம் வயலில் கடல் ஏறிவிட்டது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த இடத்தில் இன்று பறவை பார்க்க வருகிறார்கள். பேம்பூ பிளாட் கரையோரத்தில் அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் ரோட்டில் உப்புத்தண்ணீர் நிற்கும். மொட்டையாகச் செத்துநின்ற தென்னைகள் பல வருடம் அப்படியே நின்றன. அதே நேரம் அலையாத்தி புதிதாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது, யார் பட்டா என்று கேட்காமல்.

மேலே காடு நன்றாகவே இருக்கிறது. 46 சதுர கிலோமீட்டருக்கு மேல் தேசியப் பூங்கா. அந்தமான் மரப்புறாவை அங்கே பார்க்கலாம், பொறுமை இருந்தால். மழைவிட்ட காலையில் ஜப்பான்காரன் விட்டுப்போன விருந்தாளியும் தெரிவார்: கையகல ஆப்பிரிக்க நத்தை. 1942 முதல் 1945 வரை ஜப்பான் ஆண்ட காலத்தில் வந்தது என்பார்கள். என் முருங்கையை அது தின்கிற வேகத்தைப் பார்த்தால் ஆட்சி இன்னும் முடியவில்லை என்றே தோன்றும்.

நான் கேட்பது செலவுள்ள காரியம் எதுவும் இல்லை. மியூசியம் கட்டவேண்டாம், சிலை வேண்டவே வேண்டாம். ஹோப் டவுனில் ஒரு கல். மன்னார்காட்டிலும் ரைட்மியோவிலும் பஸ் நிற்கும் இடத்தில் அந்த ஊர்ப்பெயர் எப்படி வந்தது என்று நாலு வரி. மலையேறும் ரோட்டின் தொடக்கத்தில், டிக்கெட் கவுண்டருக்கு முன்னால், ஆகா-பியா என்ற பெயராவது ஒன்று. எங்கள் தீவுப் பள்ளிகளில் தமிழ், பெங்காலி, தெலுங்கு, ஹிந்தி எந்த மீடியமாக இருந்தாலும் ஐந்தாம் வகுப்பில் ஒரு பாடம். இங்கே பாடப்புத்தகம் வெளியிலிருந்துதான் வருகிறது. காவிரி எங்கே பிறக்கிறது என்று என் பிள்ளைகளுக்குத் தெரியும். தினமும் பார்க்கிற மலையடியில் யார் செத்தது என்று தெரியாது. இன்னொன்று அவசரம்: மாப்பிள்ளை வீடுகளிலும் ராஞ்சி பஸ்திகளிலும் எண்பது தாண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒரு டீச்சர், ஒரு செல்போன், ஒரு மத்தியானம் இருந்தால் ஒருவர் கதையைப் பதியலாம். கல்வித்துறை ஒரு சர்க்குலர் போட்டால் நடக்கும். போடாவிட்டாலும் நடக்கவேண்டியதுதான், நான் உட்பட.

ஹாரியட் யார் என்று கேட்ட அந்தப் பையனுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. ஜீப் ஓட்டுகிறான். டூரிஸ்டுகளை மேலே கூட்டிப்போய் நோட்டோடு போட்டோ எடுக்கவைத்துக் கீழே கொண்டுவிடுவதுதான் பிழைப்பு. போன மாதம் ஜெட்டியில் பார்த்தேன். ஹோப் டவுனில் நிறுத்துவாயா என்று கேட்டேன்.

"நிறுத்துவேன் டீச்சர். வைஸ்ராயைக் குத்துன எடம்னு சொல்லுவேன். எறங்கிப் பாத்துட்டு, இங்க பாக்க என்ன இருக்குங்கறாங்க. ஒண்ணும் இல்லையே. பாத்ரூம் எங்கன்னு கேப்பாங்க."

பிறகு அவனே சொன்னான்: "நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்களேன். லேமினேட் பண்ணி வண்டியில வெச்சுக்கறேன். நிறுத்துறப்ப காட்டுவேன்."

வீட்டுக்கு வந்து சார்ட் பேப்பரில் எழுதினேன். ஷேர் அலி, மேயோ, தேதி, பானிகாட், மன்னார்காட்டின் காடு, ராஞ்சிக்காரர்கள். ஆகா-பியாவை எல்லாவற்றுக்கும் மேலே எழுதினேன். மறுநாள் படகில் கொடுத்தேன். முழுக்கப் படித்தான், உதடு அசைய, எட்டாம் வகுப்பில் படித்த மாதிரியே.

"நல்லாருக்கு டீச்சர். ஆனா வர்றதுல பாதிப் பேரு கல்கத்தா, குஜராத்து. பின்பக்கம் ஹிந்தியில எழுதிக் குடுங்க."

ஹிந்தியில் 'காடு'க்கும் 'காட்'டுக்கும் உள்ள வித்தியாசத்தை எப்படி விளக்குவது என்று படகு சாத்தம் சேரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.